நடுவில் குழிந்த கேக்

மடியில் இரண்டு டின்கள். ஒன்று என்னுடையது, இன்னொன்று ரோஸ்லினுடையது. இரண்டிலும் சுடாத கேக் மாவு. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பேக்கரியின் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் இருபது பெண்களாவது இருப்பார்கள். எல்லோர் மடியிலும் டின்.

உள்ளே பெரிய விறகடுப்பு எரிகிறது. கதவு திறக்கும்போதெல்லாம் வெண்ணெயும் ஏலக்காயும் கருகிய சர்க்கரையும் கலந்த சூடு முகத்தில் அடிக்கிறது. பின்னால் ஒருத்தி, "இன்னாக்கா, மாவு இங்கியே வெந்துடும் போல கீதே" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறோம்.

அந்த நாளைத்தான் இந்த வாரம் பத்திரிகைத் தொடரில் எழுதப்போகிறேன். போன வாரம் தொடங்கிய மழைக்காலக் கதையையே இன்னும் இரண்டு வாரம் இழுக்கலாம் என்று பார்த்தேன். மனசு விடவில்லை.

அப்போது எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸ் வாரத்தில் மாவை வீட்டில் கலந்து பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். மாவு நம்முடையது, நெருப்பு அவர்களுடையது. ஒரு டின்னுக்கு இவ்வளவு கூலி என்று கொடுத்துவிட்டு, சுட்டு வாங்கி வருவோம்.

முந்திரி அடையாளம்

டின்கள் எல்லாம் ஒரே மாதிரி. எல்லோரும் ஒரே பாத்திரக்கடையில் வாங்கியவை. பெயர் எழுதிக் காகிதம் ஒட்டினால் அடுப்பில் எரிந்துவிடும். அதனால் மாவின் மேல் முந்திரிப்பருப்பை வைத்து அடையாளம் போடுவோம். ஒருத்திக்கு வட்டம், ஒருத்திக்கு நேர்கோடு, ஒருத்திக்கு மூலைக்கு ஒன்று.

சிலுவை மட்டும் கூடாது. பேக்கரி மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வர்றவங்க எல்லாரும் சிலுவையே போட்டா நான் எந்தச் சிலுவைய யாருக்குத் தூக்கிக் குடுக்கறது?" என்று ஒரு வருடம் கத்தினார். நியாயந்தான்.

என் அடையாளம் மூன்று முந்திரி, அடுப்புக்கல் வைத்த மாதிரி. ரோஸ்லினுடையது ஐந்து, பூப்போல. நான் சிக்கனக்காரி, முந்திரியைப் பாதியாக உடைத்துத்தான் வைப்பேன். அவள் முழுசாக வைப்பாள்.

நெல்லிக்காயும் கொசுவலையும்

ரோஸ்லின் எனக்கு மூன்று வீடு தள்ளி இருந்தாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டினார். இரண்டு பெண் குழந்தைகள். அவள் சிப்காட்டில் பெயின்ட் டப்பா நிரப்பும் ஒரு யூனிட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தாள். நான் பக்கத்திலேயே வேறொரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வேலை செய்த இடத்தில் நாள் முழுக்க, பெயின்டை இளக்கும் தின்னர் வாசனை. முதல் வருடம் தலைசுற்றல் என்றாள். அப்புறம் சோறு இறங்கவில்லை என்றாள். மூன்றாம் வருடம், "க்கா, எனக்கு மூக்குல வாசனையே தெரியமாட்டேங்குது" என்றாள். பால் பொங்கித் தீய்ந்தால்கூட, புகை கண்ணில் பட்ட பிறகுதான் ஓடுவாள்.

அப்படிப்பட்டவள் கையில்தான் கர்த்தர் அவ்வளவு ருசியான சமையலை வைத்திருந்தார். வாசனை பார்க்க மட்டும் நான் போக வேண்டும். சாம்பார் கொதித்தாலும் கூப்பிடுவாள், ஊறுகாய் ஜாடி திறந்தாலும் கூப்பிடுவாள். "நீ மோந்து சொல்லு க்கா, நீ சொன்னா சரி" என்பாள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

கேக்குக்கு வேண்டியதை நாங்கள் இரண்டு பேரும் ஐப்பசியிலேயே ஆரம்பித்துவிடுவோம். பப்பாளிக் காயைச் சின்னச் சின்னதாக நறுக்கி, சுண்ணாம்புத் தெளிவில் ஊறவைத்து, சர்க்கரைப் பாகில் போட்டு, கலர் ஏற்றிக் காயவைத்தால் டூட்டி ஃப்ரூட்டி. கடையில் வாங்கினால் ரப்பர் மாதிரி இருக்கும், இது அப்படி இருக்காது.

காயவைப்பதுதான் பேஜார். எங்கள் பக்கம் உருக்காலைகள் அதிகம். மொட்டைமாடியில் எதைப் போட்டாலும் மத்தியானத்துக்குள் கறுப்புத் தூள் படிந்துவிடும். ரோஸ்லின்தான் வழி கண்டுபிடித்தாள். கைக்குழந்தை மேல் கவிழ்க்கும் குடை மாதிரியான கொசுவலை இருக்கிறதே, அதைத் தாம்பாளத்தின் மேல் கவிழ்த்து, மேலே பழைய வேட்டியைப் போர்த்திவிட்டாள். பார்த்தவர்கள், "இன்னாம்மா, பப்பாளிக்குக் கொழந்த பொறந்துக்கீதா?" என்று கேலி செய்தார்கள். மறுவாரம் அவர்கள் வீட்டு மாடியிலும் கொசுவலை.

அந்த வருடம் அவள் புதிதாக ஒன்று செய்தாள். பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த அவள் அக்கா ஒரு பை நிறையப் பெரிய நெல்லிக்காய் அனுப்பியிருந்தாள். நானும் கூட உட்கார்ந்து, முள்கரண்டியால் ஒவ்வொரு காயையும் சுற்றிலும் குத்தினேன். அதைக் கிராம்பு போட்ட சர்க்கரைப் பாகில் வாரக்கணக்கில் ஊறவைத்தாள். தினமும் பாகை வடித்துக் காய்ச்சித் திரும்ப ஊற்றுவாள். மார்கழி பிறப்பதற்குள் காய் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதைக் கேக்கில் போடப்போவதாகச் சொன்னாள்.

"நெல்லிக்காய யாராவது கேக்குல போடுவாங்களா?" என்றேன்.

"யாரும் போடலன்னுதான் க்கா நான் போடறேன்" என்றாள்.

என் நாத்தனார்

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். எங்கள் அப்பா பொன்னேரிப் பக்கம் ஒரு நிலக்காரர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அதிரசம், இருந்தால் கறிக்குழம்பு. கேக் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது கம்பெனிச் சம்பளத்தோடுதான். முதல் முதலில் ஒரு துண்டைக் கையில் கொடுத்தபோது அப்பா அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, கூரைக்குப் போடற பஞ்சு மாரி கீது" என்றார். கூரைக்கு யார் பஞ்சு போடுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று துண்டு தின்றார்.

அதனால் கேக் சுடுவது எனக்குப் பழக்கமான வித்தை இல்லை. பக்கத்து வீட்டில் பார்த்துக் கற்றது. நான் சுட்டால் ஒரு வருடம் எழும்பும், ஒரு வருடம் குந்திவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி, நானும் மைதாவைக் குறை சொல்லுவேன், அடுப்பைக் குறை சொல்லுவேன்.

என் வீட்டுக்காரரின் தங்கை சென்னையில் வாழ்க்கைப்பட்டவள். வருடா வருடம் பண்டிகை அன்று மத்தியானம் குடும்பத்தோடு வந்து இறங்குவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னா அண்ணி, இந்த வருசமும் கேக்கு குந்திக்கிச்சா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அடுப்படிக்குப் போய் அழுவேன்.

இப்போது நினைத்தால் சின்ன விஷயம். அன்றைக்கு அது எனக்கு மலையாக இருந்தது.

"எது உன்னுது?"

அன்று ரோஸ்லினுக்கு இரண்டாம் ஷிஃப்ட். கேக் மாவை என்னிடம் கொடுத்துவிட்டு, பேக்கிங் பவுடரைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். "இத இப்பவே கலக்காத க்கா. உனக்கு முன்னாடி மூணு பேர் இருக்கும்போது கலந்து, முந்திரி வெச்சிக் குடு. முன்னாடியே கலந்துட்டா, வரிசையில குந்திக்கினு இருக்கறப்பவே அதோட வேகம் போயிடும்."

அவள் மாவுக்கு அப்படியே செய்தேன். அதில் துளிகூடப் பிசகவில்லை. என்னுடையதற்கு வீட்டிலேயே கலந்துவிட்டேன். அத்தனை பேர் பார்க்கப் படியில் உட்கார்ந்து கிண்டுவதற்குக் கூச்சம். என்ன ஆகிவிடப்போகிறது என்ற அலட்சியம் வேறு.

சாயங்காலம் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். இரண்டு கேக்கையும் டின்னிலிருந்து காகிதத்தில் கவிழ்த்து, நிமிர்த்தி வைத்திருந்தார். ஒன்று கும்மென்று எழும்பி, மேலே பளபளவென்று இருந்தது. இன்னொன்று ஓரம் நின்று நடுவில் குழிந்திருந்தது. இரண்டிலும் முந்திரியைக் காணோம். என்னுடைய பாதி முந்திரிகள் காத்திருந்தபோதே முழுகியிருக்கும். அவளுடைய மாவில் நெல்லிப் பாகு சேர்ந்து இளக்கமாக இருந்ததால் முழு முந்திரியும் உள்ளே போய்விட்டது.

"முந்திரி மொத்தம் முழுகிப்போச்சும்மா. எது உன்னுது, எது அந்தப் பொண்ணுது?" என்றார் மாஸ்டர்.

எனக்குச் சந்தேகமே இல்லை. எழும்பியிருந்ததிலிருந்து நெல்லியும் கிராம்பும் கலந்த வாசனை ஆவியோடு வந்தது. எந்த வாசனையை மோந்து சொல்ல வேண்டும் என்று அவள் என்னை நம்பினாளோ, அதே வாசனை.

நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றுவது கண் முன்னால் வந்தது. எழும்பிய கேக்கைக் காட்டி, "இது என்னுது" என்றேன்.

மாஸ்டர் கட்டிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரோஸ்லின் வீட்டுக்கு விருந்தாளி யாரும் வரப்போவதில்லை. குழந்தைகளுக்குக் குழி விழுந்த கேக்கும் கேக்தான். என் மாவிலும் முட்டைதான், வெண்ணெய்தான். அவளை ஏமாற்றி நான் என்ன சொத்தா எழுதி வாங்கிவிட்டேன்?

அலமாரியில் இருந்தது

அன்று ராத்திரி ரோஸ்லின் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தாள். நான் நீட்டிய பொட்டலத்தைப் பிரித்தாள். விரலால் நடுக்குழியைத் தொட்டுப் பார்த்தாள்.

"குந்திக்கிச்சே க்கா" என்றாள்.

"அடுப்புல எந்த மூலையில வெச்சானோ" என்றேன். நிறம் கொஞ்சம் வெளுத்திருந்ததற்கும் அந்த மூலையே காரணமாகிவிட்டது.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். அவள் கம்பெனிக்கு எதிரே இருந்த ஒரு பெரிய கம்பெனியில் கேன்டீன் பார்க்கும் சார் ஒருவர், புது வருடத்துக்குத் தொழிலாளிகள் எல்லோருக்கும் கேக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாராம். இவள் துணிந்து போய்க் கேட்டிருக்கிறாள். ஒரு கேக் கொண்டுவந்து காட்டு, நன்றாக இருந்தால் இந்த வருடம் மட்டுமல்ல, மாதா மாதம் பிறந்தநாள் கேக்கும் உனக்கே என்று சொல்லியிருக்கிறார். நாளைக் காலையில் கொண்டுபோக வேண்டும்.

"கண்ணு பட்டுடும்னு உன்னாண்டகூடச் சொல்லல க்கா. இது மட்டும் கெடச்சா தின்னர் வேலைய உட்டுடுவேன். சின்னவளும் இப்பல்லாம் என்மேல பெயின்ட் நாத்தம் அடிக்குதுன்னு கிட்ட வரமாட்டேங்கிறா."

வேறு கேக் சுட வழி இல்லை. மறுநாளிலிருந்து பண்டிகை ஆர்டர் சுடுவதால் பேக்கரியில் வெளி மாவு வாங்க மாட்டார்கள். நெல்லிக்காயும் தீர்ந்துவிட்டது.

அவளுடைய கேக் என் அலமாரியில், அவளுக்கு நேர் பின்னால் இருந்தது. வெட்டவில்லை, பிரிக்கக்கூட இல்லை. எழுந்து கதவைத் திறந்து, "அடியே, மாத்திக் குடுத்துட்டான்டி அந்த ஆளு" என்று பழியை மாஸ்டர் மேல் போட்டிருந்தால்கூடப் போதும். அவள் சிரித்திருப்பாள். ஒரு பொய்யை இன்னொரு பொய்யாலாவது சரி செய்திருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

அவள் பொட்டலத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து சொல்லு க்கா. வாசனையாவது நல்லா கீதா?"

நான் குனிந்து மோந்தேன். வெனிலா எசன்ஸ். அதைத் தவிர ஒன்றும் இல்லை.

"நல்லா கீதுடி. நெல்லிக்கா வாசனை தூக்குது" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிந்த முகம்தான் இத்தனை வருடமாக என்னைத் தூங்கவிடாத முகம். அழுத முகமாக இருந்திருந்தால்கூட மறந்திருப்பேனோ என்னவோ.

அரிசி டின்

கேன்டீன் சார் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "நடுவில வேகலியேம்மா, நீ சொன்ன நெல்லிக்காய் எங்க?" என்று கேட்டாராம். இவள் உள்ளே இருக்கும் என்று சொல்லி, தன் கையாலேயே கேக்கை உதிர்த்துத் தேடியிருக்கிறாள். ஒரு துண்டுகூட இல்லை. பாகு நீர்த்துப்போய் எல்லாம் மாவில் கரைந்துவிட்டது என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். என் பெயர் அவள் மனசின் ஓரத்தில்கூட வரவில்லை.

பண்டிகை அன்று காலையில் சர்ச் முடிந்து, தட்டில் அச்சுமுறுக்கோடு அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பதிலுக்கு நான் கேக் கொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். அவள் படி ஏறும் சத்தம் கேட்டதுமே நான் கேக்கைக் காகிதத்தோடு தூக்கி அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் முழுக் கேக்கை அரிசியில் மறைத்தேன்.

"என்னுதும் சரியா வரலடி, பசங்க அப்பவே தின்னுட்டாங்க" என்றேன்.

"உடு க்கா, இந்த வருசம் நம்ம ரெண்டு பேருக்கும் ராசி இல்ல" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

மத்தியானம் நாத்தனார் வந்தாள். கேக்கை வெட்டியதும் உள்ளே நெல்லித் துண்டுகள் தேன் நிறத்தில் மின்னின. "அண்ணி, இன்னா அண்ணி இது! கடையில கூட இப்டி கெடைக்காது" என்று எனக்கு ஒரு துண்டு ஊட்டிவிட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் என்னைப் புகழ்ந்தாள். நான் கொல்லைக்குப் போய்த் துப்பினேன்.

கை

ரோஸ்லின் அதற்குப் பிறகு கேக் சுடவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எந்த வாயால் சொன்னேன் என்று கேட்காதீர்கள். "என் கைக்கு அது வராது க்கா" என்றே முடித்துவிடுவாள். அந்தத் தின்னர் வேலையிலேயே இன்னும் எட்டு ஒன்பது வருடம் இருந்தாள். மூக்கு முழுசாகப் போய்விட்டது. இப்போது வேலை இல்லை. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மூச்சு வாங்குகிறது என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்.

போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மகன் வாங்கிக் கொடுத்த சின்ன ஓவன் ஒன்று இப்போது என் அடுப்படியில் இருக்கிறது. பண்டிகைக்கு முன்னால் ஒரு கேக் சுட்டுப் பார்க்கலாம் என்று மாவு கலந்துகொண்டிருந்தேன். முட்டை அடித்துக் கை வலித்தது. "கொஞ்சம் கிண்டுடி" என்று கரண்டியை நீட்டினேன்.

அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் க்கா. என் கை பட்டா குந்திக்கும்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினாள். மாவுப் பாத்திரத்திலிருந்து ஓர் அடி தள்ளி உட்கார்ந்தாள்.

அடுப்படியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முந்திரி முழுகியது, மாஸ்டர் கேட்டது, அலமாரி, அரிசி டின், நாத்தனார் ஊட்டியது, ஒன்று விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கத்துவாள், எழுந்து போய்விடுவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று இருந்தேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"எதுக்கு க்கா இப்டிலாம் சொல்ற? என் மனசு நோவுதுன்னுதானே? வுடு, அதெல்லாம் ஆறிப்போச்சி."

"நெசமாடி. உன் கேக்கு நல்லா வந்துச்சி. நெல்லிக்கா கண்ணாடி மாரி இருந்துச்சி. நான் தின்னேன்டி."

"நீதானே க்கா கூடக் குந்திக்கினு குத்திக் குடுத்த? உனக்குத் தெரியாதா அது எப்டி இருக்கும்னு?" சிரித்தாள். "அன்னிக்கி நீதான் மோந்து சொன்ன, நெல்லிக்கா வாசனை தூக்குதுன்னு. நீ என்னாண்ட பொய் சொல்லுவியா?"

சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? மாஸ்டர் ஊருக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அன்று எந்தக் கேக்கைத் தின்றோம் என்பதே நினைவில்லை. நாத்தனாரைக் கேட்டால், அண்ணி சுட்ட கேக் என்றுதான் சொல்லுவாள்.

"நம்பமாட்டியா? பத்திரிகையில எழுதறேன் பாரு. ஊரே படிக்கட்டும்" என்றேன்.

"எழுது க்கா" என்றாள். "என் மானத்த காப்பாத்த எங்கக்கா பத்திரிகையிலயே பொய் எழுதிக்கீதுன்னு பேரப்பசங்களுக்குக் காட்றேன்."

சொல்லிவிட்டு என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.